ஏழாவது கேள்வி

நாலு பேர் கைதட்டுகிற செய்தியைக் கேட்டாலே எங்கே தப்பு என்று தேட ஆரம்பிக்கும், அப்படி ஒரு பிறவி சாய்கல். கிர்கிஸ் மலைநாட்டில் கோக்-சாய் பள்ளத்தாக்கிலிருந்து வந்த கணக்கு அந்த மாதிரிச் செய்திதான். இரண்டிலிருந்து மூன்று வயதுக்குள் அறுநூறு குழந்தைகளைப் பார்த்ததில், நாற்பத்தோரு பேருக்கு ஆட்டிசம் இருக்கலாம் என்று அவளுடைய கேள்விப் பட்டியல் சொன்னது. மற்ற இரண்டு பள்ளத்தாக்குகளில் நூற்றுக்கு இரண்டரையைத் தாண்டவில்லை. மனநல ஆராய்ச்சித் துறைத் தலைவி ரிம்மா துர்குனோவ்னா தாளைப் படித்து முடித்ததும் எழுந்துபோய் அலமாரியிலிருந்து நல்ல சாக்லேட் டப்பாவை எடுத்துவந்தார். மேலிடத்து ஆட்கள் வந்தால் மட்டும் திறக்கிற டப்பா அது.

"மூணு மடங்கு, சாய்கல்! வியாழக்கிழமை கமிட்டி மேஜைல இந்த ஒரு தாளை வெச்சாப் போதும். எவனும் வாயத் திறக்க மாட்டான்."

"ஏன் மூணு மடங்கு, ரிம்மா துர்குனோவ்னா?"

"தண்ணியோ, காத்தோ, யாரு கண்டா? அதக் கண்டுபிடிக்கிறதுக்குன்னு அடுத்த ஆராய்ச்சி ஒண்ணு வாங்கிடலாம். சாக்லேட் எடுத்துக்கோ."

சாய்கல் எடுத்து வாயில் போட்டாள். மென்றபடியே தாளைத் தன் பக்கம் இழுத்து மறுபடி படித்தாள்.

முப்பத்தொன்பது வயதில் அவளிடம் இருந்ததெல்லாம் இருபது கேள்விகள் அச்சிட்ட இரண்டு பக்கத் தாள்தான். ஒன்பது வருஷ உழைப்பு. கிராமத்து நர்ஸ் தடுப்பூசி போடப் போகிற வீட்டிலேயே தாயிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். தப்பான பதிலுக்கு ஒரு மதிப்பெண், ஏழாவது கேள்விக்கு மட்டும் மூன்று. எட்டைத் தொட்டால் குழந்தையை உடனே வரவழைத்துப் பார்க்க வேண்டும். வியாழக்கிழமை கமிட்டி ஒப்புக்கொண்டால் செப்டம்பரிலிருந்து நாடு முழுக்க எல்லா நர்ஸ்கள் கையிலும் இந்தத் தாள் இருக்கும்.

இந்த வெறி அவளுக்கு எங்கிருந்து வந்தது என்றால், படிப்பு முடித்ததும் கிடைத்த முதல் வேலையிலிருந்து. ஏழு வயதுக் குழந்தைகளை வரிசையாக வரவழைத்து, ஆளுக்குப் பத்து நிமிஷம் பார்த்து, பள்ளிக்கூடத்துக்கு லாயக்கா இல்லையா என்று எழுதித் தள்ளும் கமிஷனில் அவள் கடைக்குட்டி உறுப்பினர். ஒருநாள் ஒரு பெண் குழந்தை வந்தது. எது கேட்டும் வாய் திறக்கவில்லை. மேஜையில் கிடந்த பென்சில்களை நீளவாரியாக அடுக்கிக்கொண்டே இருந்தது. 'கற்பிக்க இயலாதவள்' என்று சாய்கல் எழுதினாள், கையெழுத்துப் போட்டாள், அடுத்தவரைக் கூப்பிட்டாள். தான் எழுதியது என்ன என்பது மூன்று வருஷம் கழித்துத்தான் அவளுக்குப் புரிந்தது. அதற்குள் அந்தக் குழந்தை ஏதோ ஒரு விடுதியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. இரண்டு வயதிலேயே யாராவது பார்த்திருந்தால் என்று அன்றைக்கு ஆரம்பித்த நினைப்பு, இன்றுவரை அவளைத் தூங்கவிடவில்லை.

ஆகவே, தப்பான தாள் இன்னொரு குழந்தையின் தலையில் விழக் கூடாது. அது ஒன்றுதான் அவளுக்குப் பயம். நாற்பத்தொன்று என்ற எண் அந்தப் பயத்தைக் கிளப்பிவிட்டது.

திங்கட்கிழமை விடியும்போதே ஷேர் டாக்சியில் ஏறினாள். ஆறு மணி நேரப் பாதை. பக்கத்தில் உட்கார்ந்த பெண்மணி ரொட்டி கொடுத்தார், எத்தனை குழந்தை என்று கேட்டார், ஒன்றும் இல்லை என்றதும் ரொட்டியைத் திரும்ப வாங்கிக்கொள்வது மாதிரி பார்த்தார். சாய்கல் மடியில் விரித்திருந்த தாள்களிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நாற்பத்தொன்றில் நாற்பது பேருக்கு ஏழாவது கேள்வியில் 'இல்லை' என்று விழுந்திருந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் குழந்தை திரும்பிப் பார்க்கிறதா? இல்லை. இல்லை. இல்லை. ஒரே கையெழுத்தில், ஒரே நீல மையில். நர்ஸ் மரத்தடியில் உட்கார்ந்து சொந்தமாக எழுதிவிட்டாளோ என்றுகூட நினைத்தாள்.

நர்ஸ் அனார்குல் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்பது பார்த்ததுமே தெரிந்துபோயிற்று. ஐம்பத்தைந்து வயது, ஆண்பிள்ளை பூட்ஸ், பள்ளத்தாக்கில் பாதிப் பேரைப் பிரசவம் பார்த்து வெளியே இழுத்துப் போட்டவள். சாய்கல் டாக்டர் இல்லை, மனநல ஆராய்ச்சியாளர் என்று எத்தனை தடவை சொன்னாலும் அவளுக்கு டாக்டரம்மாதான்.

"எந்த வீட்டுக்கு முதல்ல போறது, டாக்டரம்மா?"

"ஒன்பது வாங்கின பையன் இருக்கானே, ஒஸ்மோன். அவன் வீட்டுக்கு."

"கால்முரத் அண்ணன் வீடா?" அனார்குல் முகத்தைச் சுளித்தாள். "போலாம். ஆனா அந்த மனுஷன் நாய விட மோசமாக் குரைப்பாரு. கடிக்க மாட்டாரு."

கால்முரத் முப்பது வருஷம் மலைப்பாதையில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர். மனைவி இல்லை. மகன் மாஸ்கோவில் கட்டட வேலை. வீட்டில் அவரும், மருமகள் ஜிபாரும், இரண்டே முக்கால் வயது ஒஸ்மோனும்தான். வெள்ளைத் தொப்பியைக் கழற்றாமல் சம்மணம் போட்டு உட்கார்ந்தபடியே அவர் ஆரம்பித்தார்.

"மலை ஏறி வந்து எம்பேரனப் பைத்தியம்னு எழுதவா வந்திருக்கே, மகளே?"

"இல்லைய்யா. பாக்கத்தான் வந்தேன்."

"பாரு. நல்லாப் பாரு. கண்ணு ரெண்டு, காது ரெண்டு. எண்ணிக்கோ."

பையன் இரும்பு அடுப்பின் முன்னால் குந்தியிருந்தான். சாம்பல் அள்ளும் குட்டிக் கதவைத் திறந்தான், மூடினான், திறந்தான். வந்தவர்களை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஜிபார் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு, மாமனாருக்கு முதுகு காட்டாமல் ஒதுங்கி உட்கார்ந்து, கிண்ணங்களில் டீயைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி நீட்டினாள். இருபத்தி மூன்று, இருபத்தி நாலு வயது இருக்கும். அடுப்புப் பக்கம் பார்க்கும்போது மட்டும் அவள் கை ஒரு நொடி நின்று பிறகு நகர்ந்தது.

டீ முடிந்தது. சாய்கல் தாளை எடுத்தாள்.

"ஜிபார், பையனுக்குப் பின்னாடி நின்னு பேர் சொல்லிக் கூப்பிடும்மா."

ஜிபார் எழுந்துபோய் நின்றாள். அவ்வளவுதான். கழுத்துவரை சிவந்துபோய்த் தரையைப் பார்த்தாள்.

"கூப்பிடும்மா. கூச்சப்படாதே."

அனார்குல் தொண்டையைச் செருமினாள். "அவ எப்படிக் கூப்பிடுவா, டாக்டரம்மா?"

"ஏன்?"

"ஒஸ்மோன்கிறது யாரு பேரு? கால்முரத் அண்ணனோட அப்பா பேரு. அவரு செத்த வருஷத்துல பொறந்த பிள்ளைக்கு அதே பேர வெச்சாங்க. மாமனாருக்கு அப்பன் பேர மருமக வாயால சொல்லுவாளா?"

சாய்கல் கையிலிருந்த தாளைக் கீழே வைத்தாள்.

இது அவளுக்குத் தெரியாத விஷயமா? அவளுடைய சொந்த அம்மாவின் மாமனார் பெயர் தெமிர். தெமிர் என்றால் இரும்பு. அதனால் அம்மா நாற்பது வருஷமாகத் துணி தேய்க்கும் இரும்புப் பெட்டியைக்கூட 'அந்தக் கெட்டிச் சாமான்' என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதை வைத்து எத்தனை கேலி செய்திருக்கிறாள் சாய்கல்! கேலி செய்தவளுக்குக் கேள்வி எழுதும்போது மண்டையில் உறைக்கவில்லை. தாளைத் தலைநகரத்தில், அடுக்குமாடி வீடுகளில், பிள்ளையின் பெயரை மாடி ஜன்னலிலிருந்து கத்துகிற தாய்மார்களிடம் சோதித்துப் பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்று மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டுச் சங்கதி என்பதாலேயே கண்ணில் படாமல் போனது.

"மத்த வீடுகள்ல?" என்று கேட்டாள்.

"எங்க பள்ளத்தாக்குல செத்தவங்க பேரு வீட்டத் தாண்டி வெளிய போகாது. மாமனாரு அப்பன், மூத்த மச்சினன், பெரிய மாமனாருன்னு யார் பேராவது பிள்ள தலைல இருக்கும். அம்மாக்காரி எல்லாம் இப்படித்தான் நின்னாளுங்க."

"நீங்க என்ன எழுதினீங்க?"

"உங்க தாள்லயே போட்டிருக்கே! தாய் கூப்பிட்டுத்தான் பாக்கணும், வேற யாரும் கூப்பிடக் கூடாது, தாய் செஞ்சு காட்டலைன்னா 'இல்லை'ன்னு குறிக்கவும்னு. குறிச்சேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, அனார்குல் அக்கா."

"நீங்க வெளிநாட்டுக்காரியா இருந்தா சொல்லியிருப்பேன். நம்ம வீட்டுப் பொண்ணு, அதுவும் படிச்ச பொண்ணு, தெரியாமலா எழுதியிருக்கும், இதுல ஏதோ பெரிய சூட்சுமம் இருக்குன்னு நெனச்சுட்டேன்."

நாற்பத்தோரு தாள்களையும் விரிப்பில் பரப்பினார்கள். அனார்குல் ஒவ்வொரு பெயராகப் பார்த்து, இது இன்னாருடைய மாமனார், இது இன்னாருடைய மூத்த மச்சினன் என்று சொல்லச் சொல்ல, சாய்கல் ஏழாவது கேள்வியின் மூன்று மதிப்பெண்ணைக் கழித்துக்கொண்டே வந்தாள். இருபத்தாறு குழந்தைகள் எட்டுக்குக் கீழே இறங்கிவிட்டார்கள். ஒன்பது வாங்கிய ஒஸ்மோன் ஆறுக்கு வந்தான். மிச்சம் பதினைந்து. மற்ற பள்ளத்தாக்குகளின் கணக்கேதான். தண்ணியும் இல்லை, காற்றும் இல்லை.

கால்முரத் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். தொடையில் ஓங்கித் தட்டினார்.

"அப்போ எம்பேரனுக்கு ஒண்ணுமில்ல! கோணல் உன் தாள்லதான்! ஜிபார், தண்ணி காய வை. ஆடு வெட்டறேன். தன் தப்பத் தானே ஒத்துக்கிட்ட ஆளு தலைநகரத்துலேர்ந்து வந்து நான் இப்பத்தான் பாக்கறேன்."

வேண்டாம் என்று சொல்லச் சாய்கலுக்கு வாய் வரவில்லை. வீட்டுக்குப் பின்னால் மேட்டில்தான் போனுக்கு சிக்னல் என்றார்கள். ஏறினாள். ரிம்மா துர்குனோவ்னா எல்லாவற்றையும் குறுக்கே பேசாமல் கேட்டார். அதுவே நல்ல அறிகுறி இல்லை.

"யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கு. நர்சுக்கு. இந்த வீட்டுக்காரங்களுக்கு."

"சரி. வியாழக்கிழம வரைக்கும் அதோட இருக்கட்டும். கையெழுத்து விழுந்தப்புறம் கேள்வியத் திருத்திக்கலாம்."

"அதுக்குள்ள இருபத்தாறு வீட்டுக்கும், பிள்ளையக் கூட்டிட்டு வரச் சொல்லிக் கமிஷன்லேர்ந்து கடுதாசி போயிடும். அங்க போனா என்ன எழுதுவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா? நானே எழுதியிருக்கேன்."

"நீ வாயத் திறந்தா என்ன ஆகும்னு சொல்லவா? அறுநூறு வீடும் மறுபடி ஏறி இறங்குன்னுவாங்க. மத்த ரெண்டு பள்ளத்தாக்கையும் சந்தேகப்படுவாங்க. அடுத்த கூட்டம் ரெண்டு வருஷம் கழிச்சு. நான் ரிடையர் ஆகி வீட்டுல தக்காளிக்குத் தண்ணி ஊத்திட்டிருப்பேன். அப்போ யாரு உன்ன உள்ள விடுவா? அந்த ரெண்டு வருஷத்துல நெசமாவே கோளாறு இருக்கிற பிள்ளைங்கள யாரு பாப்பா? அதையும் யோசி, கண்ணு."

யோசித்தாள். அதுதான் கஷ்டம். ரிம்மா சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. சொன்னால் சில குழந்தைகள் கைவிட்டுப் போவார்கள், சொல்லாவிட்டால் வேறு சில குழந்தைகள் மாட்டிக்கொள்வார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரோ ஒரு தாயின் முகம். மேட்டிலேயே உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

இறங்கி வந்தபோது ஆடு தொங்கிக்கொண்டிருந்தது. ஜிபார் முற்றத்தில் குடலைத் தொட்டித் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள். சாய்கலும் கையை மடித்துவிட்டு எதிரே குந்தினாள். தண்ணீர் எலும்பைக் குத்தியது.

"அக்கா," என்றாள் ஜிபார், தலையைத் தூக்காமல். "அந்தக் கேள்விய எடுத்துடுவீங்களா?"

"எடுத்துத்தானே ஆகணும். தப்பான கேள்விம்மா."

"எடுத்துடாதீங்க."

சாய்கலின் கை தண்ணீருக்குள் நின்றது.

"நான் அவன 'குதிரக்குட்டி'ன்னு கூப்பிடுவேன். பொறந்ததுலேர்ந்து அதான் அவன் பேரு எனக்கு. நூறு தடவ கூப்பிட்டாலும் திரும்ப மாட்டான். கதவு கிரீச்சுனா திரும்புவான். நான் கூப்பிட்டா மாட்டான். போன மாசம் கால்ல வெந்நி கொட்டி அலறினேன், அப்பவும் அந்த அடுப்புக் கதவத்தான் பாத்துட்டிருந்தான்." குரல் உடைந்தது, ஆனால் கை வேலையை நிறுத்தவில்லை. "அந்தத் தாள்ல மத்த கேள்விக்கெல்லாம் மாமாதான் பதில் சொன்னாரு. கண்ணப் பாப்பானா? பாப்பான். விரல் நீட்டிக் காட்டுவானா? காட்டுவான். அவராலயே மறைக்க முடியாத ஆறு போக, எல்லாத்துக்கும் நல்ல பதில்தான். நான் எப்படி எதுத்துப் பேசுவேன்? ஏழாவது கேள்வி ஒண்ணுதான் தாயே செஞ்சு காட்டணும்னு இருந்துச்சு. நான் நின்னேன். அனார்குல் அக்கா 'இல்லை'ன்னு எழுதினாங்க. அன்னிக்கு ராத்திரி நான் சந்தோஷப்பட்டேன்க்கா. யாராவது பாக்க வருவாங்கன்னு. நீங்களும் வந்தீங்க. இப்போ ஒண்ணுமில்லன்னு ஆடு வெட்டிட்டாரு."

ஒன்பது வருஷம் செதுக்கிச் செதுக்கிச் செய்த தாளில் இந்தப் பெண் தப்பான இடத்தில் ஒரு சந்து கண்டுபிடித்து அதன் வழியாகக் கையை நீட்டியிருக்கிறாள். அதைத்தான் சாய்கல் இன்றைக்கு மதியம் நேர்மையாக, பென்சிலால் கழித்து அடைத்திருக்கிறாள். மறுபடி குடலை அலசினாள்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது மேற்கு ஜன்னலில் வெயில் இன்னும் இருந்தது. கால்முரத் குஷியாக, முதல் விருந்தாளிக்குரிய ஆட்டுத் தலையைச் சாய்கல் முன்னால் வைத்தார். அதிலிருந்து பிள்ளைகளுக்கான காதை அறுத்துப் பேரனுக்கு நீட்டினார். அவன் வாங்கவில்லை. அடுப்புக் கதவு திறந்தது, மூடியது. ஆசி சொல்ல அவர் இரண்டு கையையும் விரித்தபோது சாய்கல் வாயைத் திறந்தாள்.

"அய்யா, கேள்வி தப்பா இருந்துச்சு, ஒத்துக்கறேன். அதச் சரியா ஒரு தடவ கேட்டுட்டுப் போயிடறேன். நீங்க கூப்பிடுங்க. உங்களுக்குத் தடையில்லயே."

"இவ்வளவுதானா?" கால்முரத் சிரித்தார். "ஒஸ்மோன்!"

அடுப்புக் கதவு திறந்தது, மூடியது.

"டேய் ஒஸ்மோன்! தாத்தா கூப்பிடறேன்ல!" குரல் ஏறியது. "வெளையாட்டு மும்முரம். பையன்னா அப்படித்தான் இருப்பான்."

அனார்குல் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போது வாசல்படி பக்கத்திலிருந்து இன்னொரு குரல் வந்தது.

"ஒஸ்மோன்."

யார் கூப்பிட்டது என்று சாய்கலுக்கு ஒரு கணம் புரியவில்லை. ஜிபார்தான். டீக் கெண்டியை மார்போடு அணைத்தபடி நின்றுகொண்டிருந்தாள். தலைத்துணி நழுவியிருந்தது. அனார்குல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஒஸ்மோன்!" இரண்டாவது தடவை அது கத்தலாக வந்தது. "ஒஸ்மோன்! அம்மாடா! இங்க பாருடா!"

பையன் கதவை மூடினான். கொக்கி விழும் சத்தத்தைக் காதைச் சாய்த்துக் கேட்டான். திறந்தான்.

கால்முரத்தின் விரித்த கைகள் அப்படியே மடியில் இறங்கின. அந்த வீட்டில் ஒரு மருமகள் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்தது அதுதான் முதல் தடவை. எழுந்து அறைந்துவிடுவாரோ என்று சாய்கல் பாதி எழுந்தேவிட்டாள். கிழவர் மருமகளைப் பார்க்கவில்லை. அடுப்புப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பக்கத்துல போய்க் கூப்பிடு," என்றார் கடைசியில்.

ஜிபார் அசையவில்லை.

"நான்தானே சொல்றேன். கூப்பிடு, மருமகளே."

அவள் போய்ப் பையனுக்குப் பின்னால் மண்டியிட்டு, காதுக்குப் பக்கத்தில் மெதுவாகக் கூப்பிட்டாள். மூன்று தடவை. அவன் தலையை அவள் பக்கமிருந்து நகர்த்திக்கொண்டான், கதவு சரியாகத் தெரிவதற்காக.

கால்முரத் சாய்கலிடம் திரும்பினார். குரலில் இருந்த குரைப்பெல்லாம் போயிருந்தது.

"இருக்குன்னு மலை ஏறி வந்தே. மத்தியானம் இல்லன்னே. இப்போ என்ன சொல்லப் போறே?"

"இப்பவே முடிவாச் சொல்ல முடியாதுய்யா. நாலஞ்சு நாள் கூட இருந்து பாக்கணும். ஆனா பாக்காம விட்டுடாதீங்க. இந்த வயசுல பாத்தா நெறைய செய்யலாம். ஏழு வயசுல வந்தா என்னால ஒண்ணும் ஆகாது."

"நீ சொல்றத எப்படி நம்பறது? உன் தாளே தப்புன்னு நீயே சொன்னே."

பதிலுக்குக் காத்திருக்காமல் கிழவர் எழுந்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, ஆசி சொல்லாமலே வெளியே கட்டியிருந்த தன் குதிரையிடம் போய்விட்டார். விருந்தில் ஆசி சொல்லாமல் எழுந்துபோன மனுஷனை அனார்குல் அதுவரை பார்த்ததில்லையாம். மறுநாள் காலை சாய்கல் கிளம்பும்வரை அவர் முகம் கொடுக்கவில்லை. அவள் தன் போன் நம்பரைத் தாளில் எழுதி ஜிபாரிடம் கொடுத்தாள். ஜிபார் அதை மடித்துத் தலைத்துணிக்குள் செருகிக்கொண்டாள். பயன்படுமா என்று இருவருக்குமே தெரியாது.

வியாழக்கிழமை பத்து மணிக்குக் கமிட்டி கூடியது. பதினொரு பேர், நீள மேஜை, மூடாத ஜன்னல். ரிம்மா துர்குனோவ்னா மூன்று மடங்கு கதையை அழகாகச் சொன்னார். தலையாட்டல்கள் வரிசையாக ஓடின. சாய்கல் பேசாமல் உட்கார்ந்தால் போதும், பத்து நிமிஷத்தில் கையெழுத்து. எழுந்தாள்.

"கோக்-சாய் கணக்கு தப்பு," என்றாள். "ஏழாவது கேள்வி எங்க தாய்மார்கள்கிட்ட கேட்கக் கூடாத கேள்வி. இன்னொண்ணும் இருக்கு. மத்த பதில்களத் தாய் சொல்லல, பக்கத்துல உட்கார்ந்திருந்த பெரியவங்க சொல்லியிருக்காங்க. அதனால எத்தன பிள்ளைங்கள நாங்க தவற விட்டிருக்கோம்னும் தெரியாது."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "இந்தத் தப்பு யாரோடது?"

"என்னோடது."

"கிர்கிஸ்காரிதானே நீங்க?"

"ஆமா."

யாரோ சிரித்தார்கள். அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்பதாக எழுதிக்கொண்டார்கள். அதாவது இரண்டு வருஷம். நடைபாதையில் ரிம்மா துர்குனோவ்னா அவளைக் கடந்து போனார், பிறகு நின்றார், திரும்பாமலே பேசினார். "திட்டம் நின்னுபோச்சு. உன் அறை வேற ஆளுக்கு வேணும். சாவிய இன்னிக்கே குடுத்துடு." கோபத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. அழுதுகொண்டிருந்தாரோ என்னவோ, முகத்தைக் காட்டவில்லை.

சாவியைக் கொடுத்துவிட்டு, பெட்டியில் தாள்களை அள்ளிப் போட்டுக்கொண்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள். சரியாகத்தான் செய்தோமா? இருபத்தாறு வீடுகளுக்குக் கடுதாசி போகாது, அது நிச்சயம். அந்த இருபத்தாறில் எத்தனை ஒஸ்மோன்கள், எத்தனை ஜிபார்கள், அதுதான் தெரியவில்லை. அவர்கள் நான்கு வயது, ஐந்து வயது என்று வளர்ந்துகொண்டே போவார்கள், யாரும் போய்ப் பார்க்க மாட்டார்கள்.

போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"நான் கால்முரத்," என்றது குரல். பின்னால் வண்டி இரைந்தது. "கணவாய் தாண்டிட்டோம். மருமகளும் பையனும் கூட இருக்காங்க. நாளைக்குக் காலைல எங்க வரணும்? அந்த ஆபீஸு எந்தத் தெருவுல?"

சாய்கல் பின்னால் திரும்பி அந்தக் கட்டடத்தைப் பார்த்தாள்.

"ஆபீஸ் இல்லைய்யா. எங்க வீட்டுக்கு வந்துடுங்க. அட்ரஸ் அனுப்பறேன். நாலாவது மாடி." கொஞ்சம் தயங்கினாள். "லிஃப்ட் ஓடாது. பையன் புது எடத்துல படி ஏற மாட்டான், கத்துவான்."

"அதனாலென்ன," என்றார் கிழவர். "நான் தூக்கிட்டு வர்றேன்."